கணக்கைக் காட்டுவதும் காப்பதும்

ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலருக்கு ஒரே ஒரு வங்கிக் கணக்கோடு காரியம் முடிவதில்லை. தந்தையார் நாளில் சொந்த ஊரில் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்கும். உத்தியோகத்தின் நிமித்தம் தில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ தொடங்கிய கணக்கு மற்றொன்று இருக்கும். இடையில் வேலை பார்த்த ஊரில் தொடங்கி, மூடாமல் விட்டுவந்த மூன்றாவது கணக்கும் சிலருக்கு உண்டு. ஒன்றில் ஊதியம் வருகிறது. மற்றொன்றில் ஊரிலுள்ள வீட்டு வாடகையோ வயற் குத்தகையோ வந்து சேருகிறது. இவை அனைத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு நம்முடைய வாழ்க்கையில் மறைவாக இருப்பது மிகச் சிலவே. பெற்றோருக்கு மாதந்தோறும் எவ்வளவு அனுப்புகிறோம், எந்த மருத்துவமனைக்கு எத்தனை முறை பணம் கட்டினோம், எந்தக் கோயிலுக்குக் காணிக்கை செலுத்தினோம், எந்த மாதம் கைமாற்று வாங்கிக் காலம் தள்ளினோம் என்பவை யாவும் அந்த வரிகளில் அடங்கியிருக்கின்றன.

இத்தகைய கணக்கை நாம் விரும்பும் இடத்தில், விரும்பும் அளவில் காட்டவும், வேண்டாத இடத்தில் காட்டாமல் காக்கவும் இன்று நமக்கு என்ன வழி இருக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஆங்கிலத்தில் இதனை ‘ஓப்பன் பேங்கிங்’ என்கிறார்கள். திறந்த வங்கிமுறை என்று அதைத் தமிழாக்கினால், வங்கியின் கதவு யாவருக்கும் திறந்துவிட்டதோ என்ற அச்சம் எழக்கூடும். அவ்வாறன்று. கதவு ஒன்று இருக்கிறது. அதன் சாவி கணக்குக்கு உரியவரிடம் தரப்பட்டிருக்கிறது என்பதே அதன் கருத்து. அந்தச் சாவிக்கு இசைவு என்று பெயர்.

கணக்குப் புத்தகம் வங்கியினுடையது. அதை எழுதுவதும் வங்கிதான். அவ்வாறிருக்க, அதில் எழுதப்பட்ட செய்தி யாருடையது என்னும் கேள்வி நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பெயர்போனது. டூர்னியர் என்பவர் தம் வங்கிக்கு 9 பவுன் 8 ஷில்லிங் 6 பென்ஸ் பாக்கி வைத்திருந்தார். வாரம் ஒரு பவுனாகக் கட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டு, சில தவணைகளுக்குப் பின் நிறுத்திவிட்டார். அவருக்கு வந்த ஒரு காசோலை, பந்தயம் கட்டுபவர்களிடம் பணம் வாங்கும் ஒருவருடைய கணக்கிற்குப் போய்ச் சேர்ந்ததை வங்கி மேலாளர் கண்டார். டூர்னியர் வேலை பார்த்த இடத்திற்குத் தொலைபேசியில் பேசி அவருடைய விலாசத்தைக் கேட்ட மேலாளர், அவருடைய பாக்கியையும் பந்தயத்தைப் பற்றிய தம் ஐயத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார். டூர்னியரின் வேலை அத்தோடு போயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார். 1924 ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிக்கும் அந்தத் தீர்ப்பு, வாடிக்கையாளரின் செய்தியை மறைவாகக் காப்பது வங்கியின் கடமை என்று நிலைநாட்டியது. அக்கடமைக்கு நான்கு விலக்குகளே உண்டு என்றும் அது வகுத்தது: சட்டம் கட்டாயப்படுத்துதல், பொதுமக்களுக்கான கடமை, வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்படுதல், வாடிக்கையாளரின் சம்மதம்.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இவ்வழியிலேயே சென்றன. ஆந்திரப் பிரதேசத்தில் முத்திரைத்தாள் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, வங்கிகளிலுள்ள ஆவணங்களைப் பார்வையிடும் அதிகாரத்தை ஆட்சியர் எவருக்கும் அளிக்கலாம் என்று விதித்திருந்தனர். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2004 ஆம் ஆண்டில் கூறியது. ஒருவர் தம் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டதனாலேயே அவற்றின் மீதுள்ள அந்தரங்க உரிமை அவரை விட்டு நீங்கிவிடுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 2017 ஆகஸ்டு 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அடங்கிய ஆயம் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆக, நம் கணக்கின் செய்தியை வங்கி தன் மனம்போல் பிறருக்குச் சொல்லலாகாது. ஆனால் நாமே சொல்ல விரும்பினால்? அப்படி விரும்ப வேண்டிய சமயங்கள் வாழ்க்கையில் பல உண்டு. வீடு கட்டக் கடன் வேண்டும். பிள்ளையின் மேற்படிப்புக்குக் கடன் வேண்டும். காப்பீடு எடுக்க வேண்டும். பல இடங்களில் கிடக்கும் சேமிப்பை ஓர் ஆலோசகரிடம் காட்டி யோசனை கேட்க வேண்டும். இவற்றிற்கு நெடுங்காலம் நாம் கையாண்ட வழிகளை நினைத்துப் பாருங்கள். பாஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அந்தப் படி எத்தனை மேசைகளைத் தாண்டியது, கடன் மறுக்கப்பட்ட பின் எந்தப் பழைய காகிதக் கட்டில் போய்ச் சேர்ந்தது என்பது நமக்குத் தெரியாது. பிறகு, கணினி வழியே கணக்குப் பட்டியலை அனுப்பும் வழக்கம் வந்தது. அதைத் திருத்திப் பொய்க் கணக்குக் காட்டுவோரும் தோன்றினர். ஆகவே, கடன் கொடுப்போர் சிலர் ஒருபடி மேலே சென்று, இணைய வங்கியின் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கி, நம் பெயரில் உள்ளே புகுந்து வேண்டியதைப் பார்த்துக்கொண்டனர். இது வீட்டு வரி ரசீதைப் பார்க்க வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்தனுப்புவதற்கு ஒப்பாகும்.

இந்தக் குறைகளைக் களையும் முயற்சி பல நாடுகளில் நடந்தது. பிரிட்டனில் ஒன்பது பெரிய வங்கிகள், வாடிக்கையாளர் விரும்பினால் அவருடைய கணக்கின் செய்தியைப் பிற ஸ்தாபனங்களுக்குப் பாதுகாப்பான முறையில் தர வேண்டும் என்ற ஏற்பாடு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பர் 2 அன்றே ஒரு தனி நெறிமுறையை வெளியிட்டது. வங்கிகள் அதில் சேர்ந்து, பொதுமக்களின் உபயோகத்துக்கு அது முறையாகத் தொடங்கியது 2021 செப்டம்பரில். நம் நாட்டு முறையின் தனிச்சிறப்பு, கணக்கைத் தரும் இடத்திற்கும் பெறும் இடத்திற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ஸ்தாபனத்தை நிறுத்தியிருப்பதுதான். அதற்கு ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ என்று பெயர்.

மொழிபெயர்ப்புத் துறையில் உழல்பவர்களாகிய நமக்கு இந்தப் பெயர் சிறிது சங்கடம் தருவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கணக்குத் திரட்டி என்றாகும். நம் கணக்குகளையெல்லாம் திரட்டி ஓரிடத்தில் குவித்து வைத்துக்கொள்ளும் ஸ்தாபனம் போலும் என்று கேட்பவர் எண்ணுவார். உண்மையோ இதற்கு நேர்மாறானது. அது நம் செய்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. படித்துப் பார்க்கவும் இயலாது. நம் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கவோ பெறவோ கூடாது. பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வேலையிலும் ஈடுபடலாகாது. வங்கி அந்தச் செய்தியைப் பூட்டி முத்திரையிட்டு அனுப்புகிறது. பெறுபவர்தாம் அதைத் திறக்க முடியும். இடையிலிருப்பவர் முத்திரையிட்ட கடிதத்தைக் கொண்டு கொடுக்கும் தபால்காரரைப் போன்றவர். கடிதத்தோடு அவர் சுமந்து செல்லும் மற்றொரு முக்கியமான பொருள் நம்முடைய இசைவுச் சீட்டு. ஆகவே இப்பேச்சில் அவரை இசைவுத் தூதர் என்றே குறிப்போம். நீங்கள் செயலிகளில் காணும் பெயர் மட்டும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்பதாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை எவ்வாறு நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மும்பை தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து, நகரெங்கும் அனுப்பி விற்கும் நம்மவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மும்பையில் ஒரு கணக்கும் திருநெல்வேலியில் ஒரு கணக்கும் உண்டு. புதிதாக ஒரு பெரிய கிரைண்டர் வாங்க 2 லட்சம் ரூபாய் கடன் தேவைப்படுகிறது. மாத ஊதியச் சீட்டோ அடமானம் வைக்க நிலமோ அவரிடம் இல்லை. ஆனால் நாள்தோறும் இருபதும் முப்பதுமாக யூ.பி.ஐ. வழியே வந்து சேரும் வரவுகள் மும்பைக் கணக்கில் பதிவாகியிருக்கின்றன. அவருடைய நாணயத்துக்கும் உழைப்புக்கும் அந்தப் பதிவுகளே சாட்சி. முற்காலத்தில் இந்தச் சாட்சியைக் கடன் கொடுப்பவர் நம்பும் வகையில் எடுத்துக்காட்ட அவருக்கு வழியில்லை. இப்போது வழி ஏற்பட்டிருக்கிறது.

அவர் கடன் கேட்டதும், கடன் தரும் ஸ்தாபனம் இசைவுத் தூதர் வாயிலாக ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. நம்மவர் தம் கைப்பேசி எண்ணைக் கொண்டு தூதரிடம் பதிவு செய்துகொள்கிறார். அந்த எண்ணோடு இணைந்த கணக்குகள் அவர் தேர்ந்தெடுக்கும் வங்கிகளில் உள்ளனவா என்று தேடிக் காட்டப்படுகின்றன. வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணைக் கொடுத்து, வேண்டிய கணக்கை அவர் இணைத்துக்கொள்கிறார். அடுத்து, கோரிக்கையைப் படித்து, சம்மதம் என்றோ மறுப்பு என்றோ தெரிவிக்கிறார். சம்மதம் என்றால் வங்கியிலிருந்து செய்தி பூட்டப்பட்டுப் புறப்படுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடனுக்குச் சாட்சி கூறுவது மும்பைக் கணக்கு மட்டுமே. திருநெல்வேலிக் கணக்கிலிருந்து தாயாரின் மருந்துக்கும் தங்கையின் சீட்டுப் பணத்துக்கும் போகும் தொகைகளைக் கடன் கொடுப்பவர் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு கணக்குகளும் திரையில் தோன்றியதனால் இரண்டையும் சேர்க்க வேண்டும் என்பதில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அவருடைய விருப்பம்.

வங்கிக் கணக்கு மட்டுமன்றி, நிரந்தர வைப்பு, பரஸ்பர நிதி, பங்குகள், காப்பீட்டுப் பத்திரம், ஓய்வூதியத் திட்டம் ஆகியவற்றின் செய்திகளும் இம்முறைக்குள் அடங்கும். சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்குகளைத் தரும் அமைப்பையும் ரிசர்வ் வங்கி 2022 நவம்பரில் இதில் சேர்த்தது. சிறுதொழில் செய்வோருக்கு இது பெரிய சௌகரியம். அதே அளவுக்கு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஒரே விரலசைவில் இத்தனை ஏடுகளும் திறந்துவிடக் கூடும் அல்லவா?

அதனால்தான் இசைவுச் சீட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அது சட்டத்தின்படி இன்னின்ன விவரங்களைக் கொண்டிருக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு உண்டு. அவற்றை ஐந்து கேள்விகளாக மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

முதற்கேள்வி: யார் கேட்கிறார்கள்? செயலியின் பெயர் ஒன்றாகவும் கடன் தரும் ஸ்தாபனத்தின் பெயர் வேறாகவும் இருப்பதுண்டு. செய்தியைப் பெறுபவரின் பெயர் சீட்டில் இருக்கும். அந்தப் பெயரை நாம் அறிவோமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது: எதைக் கேட்கிறார்கள்? இதில் மூன்று படிகள் உண்டு. கணக்குக்கு உரியவர் யார் என்ற விவரம் ஒரு படி. இருப்பு முதலிய சுருக்கம் இரண்டாம் படி. ஒவ்வொரு வரவு செலவையும் காட்டும் முழு விவரம் மூன்றாம் படி. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். கணக்கு நம்முடையதுதான் என்று உறுதிப்படுத்துவதற்காகக் கேட்பவருக்கு, மூன்றாண்டுச் செலவு விவரம் எதற்காக?

மூன்றாவது: எதற்காகக் கேட்கிறார்கள்? கடனைப் பரிசீலிப்பதற்கென்று பெற்ற செய்தியைக் கொண்டு, பின்னர் நமக்குப் பொருள் விற்க முனைவது இசைவுக்குப் புறம்பானது.

நான்காவது: ஒருமுறையா, பலமுறையா? பார்க்கும் இசைவு ஒருமுறையோடு தீர்வதும் உண்டு. கடன் முடியும்வரை மாதந்தோறும் பார்ப்பதற்கான இசைவும் உண்டு. இரண்டாவது வகையில் கையொப்பமிட்டால், நம் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று மாதந்தோறும் நம் பாஸ் புத்தகத்தைப் புரட்டுவதற்கு நாம் உடன்பட்டதாகும். நீண்ட காலக் கடனுக்கு அது ஒருகால் நியாயமாக இருக்கலாம். எவ்வாறாயினும், அறிந்து உடன்பட வேண்டும்.

ஐந்தாவது: பெற்ற செய்தியை எத்தனை காலம் வைத்திருப்பார்கள்? பார்த்தவுடன் விட்டுவிடுவதா, சேமித்து வைப்பதா, சேமித்தால் எந்நாள் வரை என்பதும் சீட்டின் பகுதியே.

தந்த இசைவைத் திரும்பப் பெறவும் நமக்கு உரிமை உண்டு. தூதரின் செயலியில் நாம் தந்த இசைவுகள் யாவும் வரிசையாகத் தெரியும். வேண்டாததைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கவோ, அறவே ரத்துச் செய்யவோ இயலும். ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இசைவை ரத்துச் செய்தால் அதற்குமேல் புதிய செய்தி போகாது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்த செய்தி அதனால் தானாகத் திரும்பி வந்துவிடாது. அதை அழிக்கும்படி பெற்றவரிடம் தனியே கேட்க வேண்டும். கடன் நடப்பிலிருந்தால், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய ஏடுகளை அவர் வைத்திருக்கவே செய்வார். ஆகவே பின்னால் ரத்துச் செய்துகொள்ளலாம் என்ற துணிவில் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிப்பது விவேகமாகாது.

இவ்விடத்தில் நேயர்களில் சிலர் ஒரு கேள்வியை எழுப்பக் கூடும். இசைவு, உரிமை என்றெல்லாம் சொல்கிறீர்களே. பணத்தேவை உள்ளவன் மறுத்தால் கடன் கிடைக்குமா? வேறு வழியில்லாதவன் தரும் சம்மதம் சம்மதமாகுமா? இது நியாயமான கேள்வி. இதற்கு எளிய விடை சொல்லி நழுவுவது முறையன்று. கடன் கொடுப்பவர் நம் வரவைத் தெரிந்துகொள்ள விரும்புவது தவறாகாது. தெரியாமல் கொடுத்தால் அவருடைய பணமும், அதாவது அவரிடம் வைப்பு வைத்தவர்களின் பணமும், போய்விடும். ஆனால் தேவையானதைக் கேட்பதற்கும், கிடைப்பதையெல்லாம் அள்ளுவதற்கும் வேறுபாடு உண்டு. திரையில் வரும் கோரிக்கையைப் பெரும்பாலும் நாம் திருத்த முடிவதில்லை. ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். ஆகவே நம் பலம், மறுத்துவிட்டுக் காரணத்தைக் கேட்பதில்தான் இருக்கிறது. ஆறு மாதக் கணக்குப் போதாதா, வேறு இடத்தில் இதைவிடக் குறைவாகக் கேட்கிறார்களா, கணக்குப் பட்டியலைக் காகிதத்தில் தரலாமா என்று விசாரிப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. வட்டி விகிதத்தை நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், கேட்கப்படும் செய்தியின் அளவையும் அவ்வாறே ஒப்பிட்டுப் பார்க்கப் பழக வேண்டும்.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தன்னிச்சையானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் உரியதாகவும், விவரம் அறிந்து தரப்பட்டதாகவும், ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த நோக்கத்துக்குத் தேவையான செய்தியை மட்டுமே இசைவு தழுவும் என்றும், இசைவைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் ஏறத்தாழ அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஸ்தாபனங்களின் முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் அளித்து, சட்டம் கட்டம் கட்டமாக நடப்புக்கு வருமாறு அவ்விதிகள் அமைந்தன.

அந்தச் சட்டத்தில் நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்கள் கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பகுதி உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. தமிழ் அவ்வட்டவணையில் இருக்கிறது. நாம் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோம் என்பதைப் பற்றி அந்த விதி பேசவில்லை. சூரத்திலோ லூதியானாவிலோ வாழும் தமிழருக்கும், மதுரையில் வாழ்பவருக்கு உள்ள அதே வாய்ப்பு உண்டு.

இதை நாம் சிறிய விஷயமாக எண்ணலாகாது. வேற்று மாநிலத்தில் படிவங்கள் உள்ளூர் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. எதிரிலிருப்பவர் விரலால் சுட்டிய இடத்தில் நம் மக்களில் எத்தனையோ பேர் கையொப்பமிட்டு வந்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு நான்கு சொற்கள் உண்டு: அனுமதி, ஒப்புதல், சம்மதம், இசைவு. அனுமதி என்பது அதிகாரம் உள்ளவர் தருவது. ஒப்புதல் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்துக்கும் வழங்கும் சொல். இசைவு என்பதிலோ இரண்டு மனங்கள் பொருந்துதல் என்னும் கருத்து அடங்கியிருக்கிறது. ஒருவர் புரிந்துகொள்ளாத வாசகத்தின் கீழ் இட்ட கையொப்பத்தை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் இசைவு என்று அழைக்க முடியாது.

தமிழில் அறிவிப்பு கிடைத்தால் மட்டும் போதாது. அது நல்ல தமிழாகவும் இருக்க வேண்டும். செய்தியை வைத்திருக்கும் காலத்திற்கு ஆங்கிலத்தில் ‘டேட்டா லைஃப்’ என்ற சொல்லை ஆள்கிறார்கள். அகராதியைப் புரட்டித் ‘தரவு வாழ்க்கை’ என்று எழுதிவிட்டால், சட்டத்தின் கட்டளை நிறைவேறியதாகத் தோன்றும்; படிப்பவருக்கோ ஒன்றும் விளங்காது. ‘உங்கள் கணக்கு விவரத்தை இத்தனை நாள் வரை வைத்திருப்போம்’ என்று எழுதினால், எட்டாம் வகுப்புப் படித்த தாய்மாருக்கும் புரியும். ஆகவே, தமிழ் வாசகம் கேளுங்கள்; அது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். கேட்பவர் இல்லாத இடத்தில் நல்ல மொழிபெயர்ப்பு பிறப்பதில்லை என்பது இத்தொழிலில் உள்ள யாவரும் அறிந்தது.

இனி, ஊர் மாறி வாழ்பவர்களுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. இம்முறை முழுவதும் கைப்பேசி எண் என்னும் ஒற்றை நூலில் தொங்குகிறது. ஊரை விட்டு வந்ததும் பழைய எண்ணைக் கைவிட்டு இங்கே புதிய எண் வாங்கிக்கொள்வது நம்மவர் வழக்கம். ஊர்க் கணக்கோ பழைய எண்ணோடேயே பிணைந்து கிடக்கும். கைவிடப்பட்ட எண்ணைத் தொலைபேசி ஸ்தாபனங்கள் 90 நாட்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அதன்பின் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நம் கணக்கைப் பற்றிய செய்திகள் அறியாத ஒருவருடைய கையில் ஒலிக்கத் தொடங்கும். எனவே, எண்ணை மாற்றுமுன் எல்லா வங்கிகளிலும் புதிய எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது செய்யவேண்டிய காரியங்களில் இதனை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு இணைந்த மற்றொன்று நம் இல்லங்களைப் பற்றியது. மனைவியின் கணக்கிற்குக் கணவருடைய எண்ணையும், ஊரிலுள்ள பெற்றோரின் கணக்கிற்குப் பிள்ளையின் எண்ணையும் கொடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அன்பினாலும் சௌகரியத்தை முன்னிட்டும் செய்ததுதான். ஆனால் ஒருமுறை எண் யாருடைய கைப்பேசிக்கு வருகிறதோ, இசைவு தரும் சக்தியும் நடைமுறையில் அவரிடமே போய்விடுகிறது. பெயர் அம்மையாருடையது; சம்மதம் மட்டும் பிறருடையது என்ற நிலை சரியன்று. அவரவர் கணக்கு அவரவர் எண்ணோடு இருப்பதே முறை. முதியவர்களுக்கு உதவுவோர், அவர்களிடம் சொல்லிக்காட்டி, அவர்கள் கையாலேயே அழுத்தச் செய்வது நல்லது.

மோசக்காரர்களைப் பற்றியும் ஓரிரு வார்த்தைகள் சொல்ல வேண்டும். இசைவு கேட்பவர் உங்கள் யூ.பி.ஐ. இரகசிய எண்ணையோ, வங்கிக் கடவுச்சொல்லையோ கேட்டால், அவர் இசைவுத் தூதர் அல்லர்; உடனே விலகிவிடுங்கள். தூதருக்குப் பணத்தைத் தொடும் வேலையே இல்லை என்று முன்னரே கண்டோம். கடன் தரும் செயலிகள் நம் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களின் பட்டியல், படங்கள், அழைப்புக் குறிப்புகள் ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது. அவற்றைக் கேட்கும் செயலியிடம் கடன் வாங்குவது, கேலிக்கும் மிரட்டலுக்கும் நம் உறவினர் அனைவருடைய விலாசத்தையும் கொடுப்பதாகும்.

வங்கியின் மேல் குறை இருந்தால் முதலில் அந்த வங்கிக்கே எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் தக்க விடை வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எந்த ஊர்க் கிளையோ அந்த வட்டாரத்திலேயே முறையிட வேண்டும் என்றிருந்த எல்லை 2021 நவம்பரில் நீக்கப்பட்டது. திருநெல்வேலிக் கிளையின் மேலுள்ள குறையைத் தாராவியிலிருந்தே தெரிவிக்க முடியும். நம்மைப் போன்றோருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நேயர்களே, புதிய முறையைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஊதியச் சீட்டு இல்லாத உழைப்பாளிக்கு அவருடைய வரவுப் பதிவே சாட்சியாக நிற்க வழி பிறந்திருப்பது நன்மையே. தாள்களைப் படியெடுத்துக் கண்ட இடத்தில் கொடுத்துவந்த பழைய முறையைவிட இது மேலானதே. ஆனால் இது நமக்கு அளித்திருப்பது ஒரு வசதி மட்டுமன்று. ஒரு பொறுப்பும் ஆகும். யார், எது, எதற்கு, எத்தனை முறை, எத்தனை நாள் என்னும் ஐந்து கேள்விகளையும் கேட்காமல் தரும் சம்மதம், வெற்றுத்தாளில் இடும் கையொப்பமாகவே முடியும்.

இவ்வாரம் ஓய்வு கிடைக்கும்போது, உங்கள் கணக்குகள் எந்தெந்த எண்ணோடு இணைந்திருக்கின்றன என்பதை ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். முன்பு எவருக்கேனும் இசைவு தந்திருந்தால், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, தேவையற்றதை ரத்துச் செய்யுங்கள். எழுதப் படிக்க வசதியில்லாத அண்டை வீட்டுத் தமிழன்பர் ஒருவருக்கும் அவ்வாறே செய்து கொடுங்கள். வேற்று ஊரில் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவிகளில் இதுவும் ஒன்றாகட்டும்.